கட்டபெட்டில் ஒரு திறப்பு விழா

மீசைக்குக் கண்மை போதவில்லை.
தலைவர் வேடமேற்ற ஸ்டெல்லாமேரி
இரு கன்னமும் தொடும்படி முறுக்கி வரைந்துகொண்டதில்
ஒப்பந்தக்காரர் மாதிக்கு
மிஞ்சியது அரை மீசை.
'கமிஷன் போக மீதி' என்றாள் மாதி.
அந்த வசனத்தை அப்படியே வைத்துக்கொண்டோம்.

நாங்கள் ஏழு பேர்.
மூவருக்குக் கொழுந்து பறிக்கும் வேலை,
ஒருத்தி நர்ஸ்,
ரஹ்மத்துக்குத் தையல் கடை,
சிந்தாமணி என்ன வேலை கிடைத்தாலும்.
நான் அறிவிப்பாளர்.
வீட்டுக்காரரின் கல்யாணக் கோட்டு,
மைக்குக்கு ஒரு கேரட்,
இலையோடு.

ஊட்டிக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும்
சாலை பிரிகிற இடத்தில்
தடுப்புச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கதவு வரைந்தோம்.
கதவின் மேல்: மகளிர்.
கதவுக்குப் பின்னால் மலை.
அதற்கும் பின்னால் மலை.

'அண்டை மாநிலங்கள் கண்டு பொருமும்
நவீன மகளிர் கழிப்பறை!
இதில் தண்ணீர் நிற்காது,
ஏனெனில் வராது.
தாழ்ப்பாள் உடையாது.
நாற்றம் அறவே இல்லை
என்பதை அறிஞர்கள் முகர்ந்து உறுதி செய்துள்ளார்கள்!'

ஆட்டோக்காரர்கள் என்ஜினை அணைத்தார்கள்.
டீக்கடையிலிருந்து கிளாஸோடு வந்தார்கள்.
மேசைவிரிப்பைப் பொன்னாடையாகப் போர்த்தியதும்
தலைவர் தொண்டையைச் செருமினார்:

'பெண்கள் நாட்டின் கண்கள்.
கண்களுக்கு எதற்குக் கழிப்பறை?
பொறுமையில் அவர்கள் பூமாதேவி.
பூமாதேவி என்றைக்காவது
எங்கேயாவது ஒதுங்கியதுண்டா?'

கூட்டத்தில் ஒருவர், உண்மையாகவே கேட்டார்:
'ஆம்பளைங்களுக்கு எந்தப் பக்கம்?'
சிந்தாமணி இரண்டு கையையும் விரித்து
ஒரு முழுச் சுற்று சுற்றினாள்.
சாலை, சரிவு, மின்கம்பம், மரம், சுவர்.
'எல்லாம் உங்களுதுதான் சார்.'

விசில் அடங்குமுன்
மேட்டுப்பாளையம் பஸ் வந்து நின்றது.

இறங்கிய பெண்கள் எழுத்தைப் பார்த்தார்கள்.
எங்களைப் பார்க்கவில்லை.
முதுகு முதுகாக வரிசை கட்டினார்கள்
சுண்ணாம்புக் கதவுக்கு முன்.
முன்னால் நின்றவளுக்கு எட்டு மாதம் இருக்கும்.
உள்ளங்கையில் சில்லறை.
'எவ்வளவுக்கா? அஞ்சா, பத்தா?'

கேரட்டை எங்கே வைப்பதென்று தெரியவில்லை எனக்கு.
ஒத்திகையில் இது இல்லை.

முதலில் அசைந்தது மாதி.
கல்வெட்டை மூடியிருந்த திரையை உருவினாள்.
கல்வெட்டென்றால், அட்டை.
தேயிலைப் பாத்திக்குள் அவளைக் கைப்பிடித்து இறக்கி
நான்கு மூலைக்கு நான்கு பேர்
திரையைப் பிடித்துத் திரும்பி நின்றோம்.
மேலே சாலையில் கூட்டம்
எங்கே பார்ப்பதென்று தெரியாமல்
மேகத்தைப் பார்த்தது.
பனி இறங்கித் தலைவரின் மீசை
கழுத்துவரை வழிந்தது.

'சிரிக்காதீங்க' என்றாள் உள்ளேயிருந்து.
'சிரிக்கல' என்றோம் நால்வரும்.
கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
பிறகு அவள்தான் முதலில் சிரித்தாள்.
திரை குலுங்கியது.
அடுத்தவள் இறங்கி வந்தாள்.
அதற்கடுத்தவளும்.
பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.
யாரும் ஏறவில்லை.

பன்னிரண்டாம் நாள் தையல் கடை விலாசத்துக்கு
நோட்டீஸ் வந்தது, பச்சை மைக் கையெழுத்தோடு:
மலைப்பகுதியில் முன் அனுமதி பெறாது
மகளிர் கழிப்பறை ஒன்றைக் கட்டி
பயன்பாட்டுக்கும் விட்டமை தொடர்பாக
ஏழு நாளில் விளக்கம் தரவும்.
தவறினால் மேற்படி கட்டிடம் இடிக்கப்படும்,
செலவுத்தொகை தங்களிடமே வசூலிக்கப்படும்.

ரஹ்மத் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு
இரண்டு தடவை வாசித்தாள்.
'பயன்பாட்டுக்கும் விட்டமை' என்ற இடத்தில்
சுண்ணக்கட்டியால் அடிக்கோடு போட்டாள்.

இடிப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று.
தலைவர் அவரே, மைக் அதே,
கேரட் மட்டும் புதுசு.
ஜேசிபி யார் என்பதில்தான் சண்டை.
மாதி எழுந்து
வலக்கையை மேலே தூக்கி
மணிக்கட்டை மடக்கி
ஒருதரம் உறுமிக் காட்டினாள்.